மூடி போட்டாச்சா?

இது நடந்தது. எனக்கு அல்ல, என் அக்காவுக்கு. பேய் என்று யாராவது பேச ஆரம்பித்தால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற ஆள் நான். ஆனால் என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் நான் செய்த திருட்டுத்தனங்களை அப்பாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்து, எனக்கு உதை வாங்கிக் கொடுத்த மகராசி அவள். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. இருந்தாலும் அவள் வாயிலிருந்து வந்தால் அது நடந்ததுதான். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். கண், காது, மூக்கு எதுவும் ஒட்டவில்லை.

அக்காவுக்கு எங்கள் குடும்பத்தில் 'முன்னெச்சரிக்கை' என்று பட்டப்பெயர். ரேடியோவில் புயல் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் வீட்டில் பாதிச் சாமான் மாடி ஏறியிருக்கும். பத்திரம், சான்றிதழ் எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் போட்டு, பையின் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிவிடுவாள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டை மேல் மணல் மூட்டையை வைப்பாள். வெளியே வெள்ளம் ஏறினால் சாக்கடை அந்த வழியாகத்தான் முதலில் வீட்டுக்குள் எட்டிப் பார்க்குமாம். என் வீட்டில் அந்த ஓட்டை எந்த மூலையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அவள் புருஷன், என் மாமா, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிறவர். மொட்டைமாடித் தொட்டி, தரைக்கு அடியில் கட்டுகிற சம்ப், எதற்கும் அவரைக் கூப்பிடலாம். மாமா நல்ல வாட்டசாட்டமான ஆள். சம்ப்பின் வாய்க்குள் அவர் தோள் நுழையாது. அதனால் உள்ளே இறங்குவது எப்போதும் அவருடைய கூட்டாளிதான். அவனை எல்லோரும் 'ஊசி' என்பார்கள். அவன் பெண்டாட்டி கூட அப்படித்தான் கூப்பிடுவாள். அவ்வளவு ஒல்லி.

ஊசி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான். மாமா மேலே நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். நாள்பட மூடிக் கிடக்கிற தொட்டிக்குள் சில சமயம் கெட்ட காற்று இருக்கும். மூச்சு முட்டினால் கத்த முடியாது. ஆகவே அவர்கள் பேச்சு எல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்பு என்றால் 'இருக்கேன்'. இரண்டு என்றால் 'தூக்கு'. மூன்று என்றால் 'கயிறு விடு'. மேலே இருப்பவர் அவ்வப்போது ஒரு தடவை இழுத்துக் கேட்க வேண்டும். கீழே இருப்பவன் பதிலுக்கு ஒரு தடவை இழுக்க வேண்டும். பதில் வராவிட்டால் உடனே தூக்கிவிட வேண்டும். கயிற்று நுனியில் இரும்புக் கொக்கி ஒன்று உண்டு. ஊசி அதை மாட்ட மாட்டான். "கொக்கி அவுந்துக்கும். நான் போட்ட முடிச்ச நானே அவுத்தாத்தான் உண்டு" என்று, இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டு, வாலை இரண்டு தடவை உள்ளே செருகிக்கொள்வான்.

இந்தக் கயிற்றுப் பேச்சை மாமா அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். மழைக்காலம் வந்தால் மாடிக் கம்பியில் ஒரு நீளக் கயிறு கட்டி வைத்துவிடுவார். இருட்டில் யாராவது தண்ணீருக்குள் இறங்க வேண்டி வந்தால் மாட்டிக்கொள்ளத்தான். அக்கா மகள் குட்டிக்கு ஆறு வயது. அவளுக்கும் இது அத்துப்படி. ஊசி வந்தால் கட்டிலுக்கு அடியில் அவனைப் புக வைத்து, தான் மேலே உட்கார்ந்து கயிறு இழுத்து விளையாடுவாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாமாவும் ஊசியும் போய்வருகிறேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டார்கள். "மூடி போட்டாச்சா?" என்பார்கள். திறந்து கிடந்த சம்ப்பில் விழுந்த நாய், ஆடு, ஆள் என்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள். வேலைக்குக் கூப்பிடுகிற வீடுகளில் சொல்லிச் சொல்லி, அது அவர்கள் வாயில் வணக்கம் மாதிரி ஒட்டிக்கொண்டது. போனை எடுத்தாலும் அதுதான், வைத்தாலும் அதுதான். பதிலும் நாக்கு நுனியிலேயே இருக்கும். "போட்டாச்சு, போட்டாச்சு."

அன்றைக்கு நாள் முழுக்க மழை. மேலே அணையைத் திறக்கப் போவதாக, ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று மத்தியானம் கத்திக்கொண்டே தெருவைச் சுற்றியது. அக்கா அதற்கு முந்தின நாளே பாதி வேலையை முடித்திருந்தாள். மாமாவின் அப்பாவுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. அந்தப் பெரியவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கியாகிவிட்டது. ரேடியோ எங்கே, ரேடியோ எங்கே என்று படிக்குப் படி உயிரை வாங்கினாராம். ரொட்டி, பிஸ்கட், குடிதண்ணீர், டார்ச், மருந்து, ரேடியோ எல்லாம் மேலே போயின. குட்டியும் மேலே.

மாமா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். அந்தத் தெருவில் அவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம். வெள்ள சமயத்தில் சம்ப் காலியாக இருக்கக் கூடாது. சுற்றிலும் மண் ஊறிவிட்டால், காலித் தொட்டி தரையைப் பிளந்துகொண்டு மேலே எழும்பிவிடும். நிரப்பி வைத்தால் கனத்தில் அசையாது. அதனால் ஊரெல்லாம் மூடியை இறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், மாமா தன் வீட்டு மூடியைத் திறந்து கேட் ஓரமாகச் சாய்த்து வைத்தார். ரப்பர் குழாயை உள்ளே விட்டார். நிரம்பட்டும், பிறகு மூடிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குள் போனார். உள்ளே ஆயிரம் வேலை இருந்தது.

அந்தச் சம்ப் இருப்பது வெளிப்படிக்கட்டுக்கும் தெருக் கேட்டுக்கும் நடுவில். கேட்டிலிருந்து மாடிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அதை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

ஐந்தரைக்கு ஊசி போன் செய்தான்.

"அண்ணே, இதோ கிளம்பறேன். ஃப்ரிட்ஜத் தனியா தூக்காதண்ணே, இடுப்புப் பிடிச்சுக்கும். மூடி போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. சீக்கிரம் வா."

ஊசி வரவில்லை. தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிறகு வாசலுக்குள்ளும் வந்தது. மாமா சமையலறையில், காஸ் சிலிண்டர் மிதந்து போகாமல் இருக்க அதை ஜன்னல் கம்பியோடு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். மாடியின் முன்பக்கம் தகரக் கூரை. மழை அதன் மேல் விழுகிற சத்தத்தில், பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஆறு நாற்பதுக்குக் கரண்ட் போயிற்று. மாமா மெயினை அணைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே மாடிக்கு வந்து சேர்ந்தார். ஃப்ரிட்ஜ் கீழேயே நின்றுவிட்டது.

"வர்றேன்னானே, வந்தானா பாரு. வாயாலேயே வண்டி ஓட்டுவான்" என்று மாமா கூட்டாளியைத் திட்டினார். அக்காவும் சேர்ந்து நாலு வார்த்தை திட்டினாள். போன் போட்டுப் பார்த்தார்கள். மணியே அடிக்கவில்லை.

எட்டு மணி இருக்கும். ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோன மாமா, கையை அப்படியே நிறுத்தினார்.

"ஐயோ... மூடி."

"என்ன மூடி?"

"நம்ம சம்ப் மூடி. திறந்தே கிடக்கு."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் முகம் செத்துப் போயிற்று என்று அக்கா சொன்னாள். தண்ணீர் ஏறிவிட்டால் வாய் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. படகில் யாராவது உதவிக்கு வந்து இறங்கினால்? ஊசியே தாமதமாக வந்தால்? மாமா பெல்ட்டில் கயிற்றுக் கொக்கியை மாட்டிக்கொண்டார். துழாவிப் பார்க்க ஒரு கழியை எடுத்துக்கொண்டார்.

"விடிஞ்சதும் பாத்துக்கலாங்க."

"அஞ்சே நிமிஷம். நீ கயிறப் பிடி."

எட்டு பத்துக்கு இறங்கினார். பெரியவரின் ரேடியோவில் அப்போதுதான் மணி சொன்னார்களாம்.

கயிறு அக்காவின் கையிலிருந்து மெதுவாக வழுக்கிக்கொண்டு போனது. படிக்கட்டு முடிந்தது. பிறகு சம்ப் வாயைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகவே கேட்டை நோக்கிச் சாய்ந்தது. மூடி அங்கேதானே இருக்கிறது. அக்கா டார்ச் அடித்தாள். மழைக் கம்பிகளும் கறுப்புத் தண்ணீரும்தான் தெரிந்தன.

அப்போது 'தொம்' என்று ஒரு சத்தம். தெருப்பக்கச் சுற்றுச்சுவர் அப்படியே விழுந்த சத்தம் அது. மாடி அதிர்ந்தது. கயிறு விறைத்துக்கொண்டு அவள் உள்ளங்கையைத் தேய்த்தபடி ஓடியது. இரண்டு கையாலும் பிடித்துக் கம்பியோடு சாய்ந்தாள்.

பிறகு... தொளதொளவென்று ஆகிவிட்டது.

"என்னங்க! என்னங்க!"

தகரக் கூரை அவள் குரலை விழுங்கிவிட்டது. ஒரு தடவை இழுத்தாள். பதில் இல்லை. இன்னொரு தடவை இழுத்தாள். இல்லை. பதில் வராவிட்டால் தூக்க வேண்டும். அழுதுகொண்டே கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். இரண்டு மூன்று முழம் லேசாக வந்தது. எடையே இல்லை. பிறகு எதிலோ போய் நின்றது.

மறுபடி ஒரு தடவை இழுத்தாள்.

கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது.

இருக்கேன்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "இருக்காருங்க... உங்க பிள்ளை இருக்காரு" என்று பெரியவரிடம் கத்தினாள்.  சுவர் விழுந்த வேகத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறார், தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் வந்துவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், கம்பியருகே வந்தாள். இழுத்தாள். பதில் வந்தது. குட்டிக்குப் போர்த்தினாள். திரும்பவும் வந்தாள், இழுத்தாள். பதில் வந்தது. நிம்மதி என்று சொல்கிறாயே, அது ஒரு சுற்று நடப்பதற்குள் தீர்ந்துவிடும் என்றாள் என்னிடம்.

அந்த நடையில்தான் சின்னச் சின்னதாக ஏதோ சரியில்லை என்று பட ஆரம்பித்தது.

முதலில் கயிறு போன இடம். அது கேட் பக்கம் சாயவில்லை. படிக்கட்டு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. தெருவில் வெள்ளம் அத்தனை வேகமாக ஓடியும், கயிறு ஒரு பக்கமும் இழுபடவில்லை. அசையாமல் நின்றது.

அடுத்தது அந்த இழுப்பு. மாமா இழுத்தால் தோள் கழன்றுவிடும். அவர் கை அப்படி. இது சின்னதாக, வெடுக்கென்று இருந்தது. களைத்துப் போயிருப்பார் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

குட்டி தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கயிற்றில் கை வைத்தாள். பதில் வந்தபோது கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"ஊசி சித்தப்பா வந்துட்டாராம்மா?"

"இல்லடி, அப்பா."

"இது சித்தப்பா" என்றாள் குட்டி. போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்கா அதைக் குழந்தைப் பேச்சு என்று தள்ளிவிட்டாள்.

பத்தே முக்கால். அவள் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினாள். இன்னும் தொடக்கூட இல்லை...

கயிறு ஒரு தடவை ஆடியது.

கேட்பதற்கு முன்பே பதில்.

பெரியவரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "எவ்வளவு நேரமா ஒரே எடத்துல நிப்பான்? எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கான். நீ போய்ப் பாரும்மா. இல்ல நான் தவழ்ந்து போறேன்." சொன்னதோடு நிற்காமல், மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து நழுவவும் ஆரம்பித்தார். அக்கா அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் போய்விட்டால் மேலே இருப்பது நடக்க முடியாத கிழவரும் ஆறு வயதுக் குழந்தையும். போகாவிட்டால் கீழே புருஷன். இரண்டு பக்கமும் அவள் உயிர்தான். 

போவது என்று முடிவு செய்தாள். சேலையை வரிந்து கட்டினாள். டார்ச் ஒரு கையில். மறு கையில் கயிறு. அதையே பிடித்துக்கொண்டு போனால் அவர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சம்ப் வாய் நினைவில் இருந்தது. காலால் துழாவிப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஆறேழு படி இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

கயிறு இழுத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அவளுக்குத் தெரிந்த பேச்சில் நான்கு கிடையாது. எண்ணுவதில் தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தாள். நின்றாள். கயிறும் நின்றது.

இன்னொரு படி.

வெடுக். வெடுக். வெடுக். வெடுக்.

"என்னங்க? தூக்கட்டுமா? என்ன சொல்றீங்க?"

பதில் இல்லை.

காலைப் பின்னால் எடுத்து மேல்படியில் வைத்தாள். கயிறு அடங்கியது.

மறுபடி கீழே வைத்தாள்.

நான்கு. இந்த முறை சின்ன இழுப்பு இல்லை. கையை அறுக்கிற மாதிரி. டார்ச் நழுவி விழுந்தது. படிகளில் உருண்டு, தண்ணீருக்குள் அது எரிந்துகொண்டே போனது... போய்க்கொண்டே இருந்தது... கீழே... கீழே...

அங்கே அவ்வளவு ஆழம் இருக்கக் கூடாது.

வெளிச்சம் அணைவதற்கு முன்னால் அவள் அதைப் பார்த்தாள்.

வட்டமான வாய்.

கயிறு அதற்குள்தான் போயிருந்தது.

ஒரு கணம், சம்ப்புக்குள் விழுந்தது அவர்தான் என்று நினைத்தாள். கதறினாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் மூன்று மணி நேரமாக யார் உயிரோடு இருக்க முடியும்?

ஆனால் கயிறு...

ஒரு தடவை.

இருக்கேன்.

அதன் பிறகு அவள் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. நடுப்படியில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்தபடியே இருந்தாள். தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்ந்தாள். மேலேயிருந்து பெரியவர் கேட்கும்போதெல்லாம் "இருக்காரு" என்றாள். யாரைச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மழை விட்டுப் பொழுது வெளுக்கிற வரைக்கும் அவள் இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

காலையில் படகு வந்தது. அதில் மாமா உட்கார்ந்திருந்தார்.

அவள் கயிற்றைப் பிடித்திருந்தாள். அவர் தெருவிலிருந்து வந்தார். அவர் இடுப்பில் கயிறு இல்லை.

"சுவர் விழுந்ததும் தண்ணி அடிச்சுட்டுப் போயிடுச்சு. கயிறு என்னைத் தண்ணிக்குள்ள அமுக்குது. கொக்கிய அவுத்து விட்டுட்டேன். பின்தெருவுல ஒரு லாரி நின்னுச்சு. அது மேல ஏறி உக்காந்தவன்தான்" என்றார்.

"எப்ப அவுத்தீங்க?"

"சுவர் விழுந்த அந்த நிமிஷமே."

அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"நாலு தடவை இழுத்தா என்ன அர்த்தம்?"

குட்டியைத் தூக்கி வைத்திருந்த மாமா, அவளை இறக்கி விட்டார்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ராத்திரி வந்துச்சு."

மாமா தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அது ஊசி கண்டுபிடித்தது. கெட்ட காற்றில் ஒருவன் விழுந்தால், காப்பாற்ற இறங்குகிறவனும் சேர்ந்து சாவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். அதனால் ஒரு நாள் ஊசி சொன்னானாம்: "நான் நாலு தடவை இழுத்தேன்னா, என் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீ இறங்காதண்ணே. அண்ணிகிட்ட இதச் சொல்லாத, பயந்துடுவாங்க." இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அது தேவைப்படவில்லை. அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மத்தியானம் ஊசியின் பெண்டாட்டி இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். "அவரு இங்கதானே இருக்காரு?" என்று கேட்டாள். ஐந்தரைக்கே கிளம்பிவிட்டானாம். மாமா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. படகுக்காரர்களிடம் சொன்னார்கள். தண்ணீர் வடியாமல் எதுவும் செய்ய முடியாது என்றார்கள். அது வடிகிற வரைக்கும் மாமா சாப்பிடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் தான் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவருக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். பாவி மனுஷன்.

தண்ணீர் வடிந்தது. வாசலில் கெண்டைக்கால் அளவு சேறு. கயிறு மாடிக் கம்பியிலிருந்து நேராகச் சம்ப்பின் வாய்க்குள் போயிருந்தது. மாமா பிடித்து இழுத்தார். வரவில்லை. அக்காவும் வந்து பிடித்தாள். பட்டப்பகல். எதிர்வீட்டில் பாய்களை உதறிக் காயப்போடுகிற சத்தம் கேட்கிறது.

இருவர் கையிலும் ஒரே நேரத்தில்...

ஒரு இழுப்பு.

மாமா பழக்க தோஷத்தில் பதிலுக்கு ஒரு தடவை இழுத்துவிட்டார். பிறகுதான் கையை உதறிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர் அழுததைத் தெருவே நின்று பார்த்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து ஊசியை எடுத்தார்கள். கயிறு அவன் இடுப்பில் இருந்தது. வெள்ளத்தில் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும் என்றார் அவர்களில் ஒருவர். கொக்கி சும்மா தொங்கியது. இடுப்பில் ஒரு முடிச்சு. அதன் வால் இரண்டு தடவை உள்ளே செருகியிருந்தது.  முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள், வரவில்லை. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மாமா இறங்கியபோது ஊசி தெருவில் எங்கோ தத்தளித்துக்கொண்டிருந்திருப்பான், மிதந்து வந்த கயிற்றைப் பிடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வரும்போது விழுந்திருப்பான். நானும் இப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படியானால் முதல் இரண்டு மூன்று இழுப்பு மட்டுமாவது அவனுடையதாக இருக்கலாம் அல்லவா? அந்தக் கணக்கோடு எனக்குத் தூக்கமும் வந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து, வீடு கழுவிப் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் மண்வெட்டி இரவல் கேட்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நல்ல மனுஷன். அன்னைக்கு சாயந்தரம் நான் மாடியிலேர்ந்து பாத்தேனே. தலைக்கு மேல பையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உங்க கேட்டத் தள்ளிட்டு உள்ள வந்தாரு. நான் இப்படித் திரும்பிட்டுப் பாக்கறேன், ஆளக் காணோம். மாடி ஏறிட்டாருன்னு நெனச்சேன்."

"சாயந்தரமா? ராத்திரியா?" என்று கேட்டாள் அக்கா.

"வெளிச்சம் இருந்துச்சே. கரண்ட்டே போகல அப்ப. உங்க வாசல் லைட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

கரண்ட் போனது ஆறு நாற்பதுக்கு. மாமா கயிற்றோடு இறங்கியது எட்டு பத்துக்கு. அக்கா என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டியைத் தேடப் போனேன்.

அந்தச் சம்ப்பை இப்போது மண் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி மூடியாகிவிட்டது. மாமா தொழிலை விட்டுவிட்டார். மூடி போட்டாச்சா என்று யாராவது விளையாட்டுக்குக் கேட்டால் பதில் சொல்வதில்லை. எழுந்து போய், யார் வீட்டு மூடியாக இருந்தாலும் பார்த்துவிட்டு வருகிறார். ஊசியின் பெண்டாட்டி பிள்ளைகள் இப்போது அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார்கள். கயிற்றை எரித்துவிடு என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கவில்லை. மழைக்காலம் வந்தால் அதே கம்பியில் கட்டி, நுனியைக் கீழே விட்டு வைக்கிறாள். அது அந்தச் சிமெண்ட் தரை மேல் சும்மா கிடக்கிறது.

போன மாதம் போயிருந்தேன். சாயந்தரம். மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் மாடி முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"நீ இன்னும் அத இழுத்துப் பாக்கறியா?" என்றேன்.

"நான் எதுக்குடா இழுக்கறேன்? கீழேர்ந்து வந்தா பதில் சொல்வேன். அவ்வளவுதான். பாவம், கேக்கறான் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சை மாற்ற வேண்டும் என்று என் பையனின் படிப்பைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் சட்டென்று கையை நீட்டி, கயிற்றை ஒரு தடவை இழுத்தாள்.

பிறகு, "டீ போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போனாள்.